வேலிக்காலுக்குச் சிமெண்ட் எதற்கு?

போன மாசியில் எங்கள் தோட்டத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கோவையில் வேலை. தாராபுரம் பக்கம் 2 ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறார். இயற்கை முறையில் காய்கறியும் பழமரமும் வைக்க வேண்டும் என்று ஆசை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். வேலி போடுகிறவர் எழுதிக் கொடுத்த கணக்கு அது. 150 தைலமரக் கால், ஐந்து வரிசை முள்கம்பி, ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் குழி.

"ஏனுங்கண்ணா, மரக்காலை வெறும் மண்ணுல நட்டா ஆடிக் காத்துக்கு நிக்குமுங்களா? கான்கிரீட் போட்டாத்தான் கெட்டின்னு சொல்றாங்க. ஆனா செலவுல பெரும்பங்கு அதுக்கே போகுதுங்க" என்றார்.

நான் வாயால் பதில் சொல்லவில்லை. வடக்கு வரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே புதருக்குள் வரிசையாகக் கிடக்கிற சிமெண்ட் குண்டுகளைக் காட்டினேன். ஒவ்வொரு குண்டின் நடுவிலும் ஒரு பொந்து. அதற்குள் கையை விட்டால் மாவாக உதிர்கிற மரத்தூள். அது ஒரு காலத்தில் எங்கள் வேலிக்கால். இன்றைக்கு அதில் பூரானும் தேளும் குடியிருக்கின்றன.

இந்தக் குண்டுகளுக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால், புதிதாக வேலி போடப்போகிற நாலு பேருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

ஒன்பது வருசத்துக்கு முன்னால் அந்த இளைஞர் இருந்த நிலையில்தான் நானும் இருந்தேன். தோட்டத்தைச் சுற்றி இருந்த பழைய கிளுவை வேலியைப் பராமரிக்க ஆளில்லை என்று பொக்லைன் விட்டுப் பிடுங்கிவிட்டேன். எங்கள் அப்பாரு வைத்த வேலி அது. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று தைலமரக் கால்களை வாங்கி, ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு நட்டேன். அந்த அளவுக் குழி 150 என்றால் முப்பது மூட்டை சிமெண்டுக்குக் குறையாமல் பிடிக்கும். ஜல்லி, மணல், கலவைக்குத் தண்ணீர், ஆள்கூலி எல்லாம் தனி. கையில் இருந்தது போதாமல் நகையை வைத்துத்தான் முடித்தேன்.

முதல் இரண்டு வருசம் வேலி கம்பீரமாக நின்றது. மூன்றாவது வருசம் ஆடிக் காற்றில் ஒரே இரவில் பதினேழு கால் சாய்ந்தது. குண்டு அப்படியே இருந்தது; கால் மட்டும் மண்மட்டத்தில் முறிந்து கம்பியில் தொங்கியது. அந்த வழியாகப் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் ஆடுகள் உள்ளே புகுந்து, ஒரு காலைப்பொழுதில் அகத்தியையும் முருங்கைக் கன்றுகளையும் மொட்டையடித்துவிட்டன. நான் நாலு வார்த்தை பேச, அவர் எட்டு வார்த்தை பேச, இரண்டு வருசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆட்டின் மேல் என்ன தப்பு? வேலி சரியில்லாதவன் நான்.

மிச்சக் கால்களும் அடுத்த இரண்டு வருசத்தில் ஒவ்வொன்றாகப் போயின. புதுக்கால் நடலாம் என்றால் அதே இடத்தில் குண்டு உட்கார்ந்திருக்கிறது. உடைக்கக் கூலி கொடுக்க வேண்டும். உடைக்காவிட்டால் கலப்பைக் கொழு முறியும். நட்டதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு இன்னொரு செலவு.

மரம் எங்கே அழுகுகிறது?

முறிந்த காலை எடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மேலே இருக்கிற பாகம் கெட்டியாக இருக்கும். அடியாழத்தில் இருக்கிற பாகமும் பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருக்கும். மண்மட்டத்துக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு முழம், அந்த இடம்தான் போகும். மரத்தைத் தின்கிற பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே காற்று உண்டு, ஈரம் தங்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் மண்மட்டம்.

கான்கிரீட் இந்த இடத்தைக் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஈரக்கலவையில் நிற்கும்போது மரம் ஈரம் குடித்து ஊதும். கலவை இறுகிய பிறகு மரம் காய்ந்து சுருங்கும். சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கும். இறங்கிய தண்ணீர் மண்ணாக இருந்தால் வடிந்துவிடும். இது அடியும் பக்கமும் அடைத்த கிண்ணம். நாம் காசு கொடுத்துக் காலை ஒரு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தியிருக்கிறோம். தைலமரமும் சவுக்கும் மண்ணில் பட்டால் எப்படியும் சில வருசம்தான் தாங்கும். அந்தக் கொஞ்ச ஆயுளையும் நானே குறைத்துக்கொண்டேன்.

காலை நிறுத்துவது எடையல்ல

குண்டு கனமாக இருந்தால் கால் சாயாது என்பது நம் மனதில் பதிந்த எண்ணம். வேலிக்கால் மேலே தூக்கினால் வருமா என்பது கேள்வியே இல்லை. பக்கவாட்டில் தள்ளினால் சாயுமா என்பதே கேள்வி. கடப்பாரையை நட்டுவிட்டு அசைத்துப் பாருங்கள். அரையடி இறங்கியிருந்தால் ஒரு கை போதும். ஒன்றரை அடி இறங்கியிருந்தால் இரண்டு பேர் தள்ளினாலும் கஷ்டம். பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவது சுற்றியுள்ள மண். ஆழம் கூடக்கூட அந்தப் பிடிமானம் பல மடங்கு கூடும். ஆகவே ஆழமும் இறுக்கமும்தான் கணக்கு.

இப்போது நான் நடுகிற முறை இது.

7 அடிக் கால் என்றால் 2 அடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் போக வேண்டும். குழியை அகலமாகத் தோண்டக்கூடாது. காலைச் சுற்றிக் கடப்பாரையின் அடிப்பக்கம் புகுந்து இடிக்க இடம் இருந்தால் போதும். தோண்டாத மண்ணுக்கு இருக்கிற இறுக்கம், தோண்டிப் போட்ட மண்ணுக்கு வராது. அதனால் எவ்வளவு குறைவாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

குழியின் அடியில் நாலைந்து விரல் கனத்துக்குச் சரளையோ உடைகல்லோ போட்டு, அதன்மேல் காலை நிறுத்துகிறேன். இறங்குகிற தண்ணீர் காலடியில் நிற்காமல் வடிந்துவிடும். பிறகு மண்ணைத் தள்ளி நிரப்பிவிட்டுக் காலால் மிதித்தால் போதாது. அரையடி மண், இடி; அரையடி மண், இடி. கடப்பாரையின் தட்டைப் பக்கமோ திமிசுக்கட்டையோ கொண்டு நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி இடிக்க வேண்டும். இடிக்கிற சத்தம் 'தொப்'பென்று கேட்பதிலிருந்து 'டங்'கென்று மாறும்போது அடுத்த அடுக்குப் போடலாம். மண் சேறாகவும் இருக்கக்கூடாது, புழுதியாகவும் இருக்கக்கூடாது. உருட்டினால் உருண்டை பிடிக்கிற பதம். சரியாக இடித்தால் தோண்டிய மண் அத்தனையும் குழிக்குள்ளேயே போய்விடும். மிச்சம் நிறைய இருந்தால் இடித்தது போதவில்லை.

கடைசியாக, காலைச் சுற்றி மண்ணைக் கூம்பாக அணைத்துவிட வேண்டும், தண்ணீர் காலை விட்டு வெளியே ஓடும்படி. காலின் தலையைச் சாய்வாகச் சீவிவிட்டால் அங்கேயும் மழைநீர் நிற்காது. இந்த இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

இரண்டு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கால் நடுவார்கள் என்று கேட்பீர்கள். கான்கிரீட்டை விட மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்தக் காசு ஊருக்குள் கூலியாக நிற்கிறது. கால் போனால் அதே குழியில் இன்னொன்றை நடலாம். நிலமும் நிலமாகவே இருக்கிறது.

மண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்

எல்லா மண்ணுக்கும் ஒரே முறை என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுடையது சரளை கலந்த செம்மண். இறுக்கினால் கல் போலப் பிடிக்கும், தண்ணீரும் வடியும். இதில் இடித்து நடுவதே போதும்.

கரிசல்காரர்கள் பாடு வேறு. மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். தோண்டிய கரிசலையே திரும்பக் குழியில் போட்டால் பங்குனியில் கால் ஆட ஆரம்பிக்கும். வெளியிலிருந்து சரளை கொண்டுவந்து காலைச் சுற்றி நிரப்பி இடிக்க வேண்டும். அரையடி கூடுதலாக ஆழம் போக வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை இடித்துக் கொடுக்க வேண்டும். கரிசலில் கான்கிரீட் போட்டாலும் நிம்மதி இல்லை. வீட்டு அஸ்திவாரத்தையே அசைக்கிற மண் அது. ஆழமில்லாத குண்டைச் சும்மா விடுமா?

மணற்பாங்கில் குழி சரியும், பிடிமானம் குறைவு. அங்கே ஆழத்தை மூன்றடி வரை கொண்டுபோய், காலின் அடியில் ஒரு குறுக்குக்கட்டையைக் கட்டிப் புதைத்து, கற்களை ஆப்புப் போல நாலு பக்கமும் அடித்து நடலாம். தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் செத்த மரக்காலை நடவே வேண்டாம். கல்கால் நடுங்கள், அல்லது ஈரம் விரும்புகிற பூவரசை நடுங்கள்.

எந்த மரம்?

நடுகிற முறையில் பாதி, மரத்தில் பாதி. மரத்தில் வைரம் உண்டு, வெளிறு உண்டு. நடுவில் கறுத்த வைரம் கரையானையும் பூஞ்சணத்தையும் தாக்குப்பிடிக்கும். சுற்றியுள்ள வெளிறு எந்த மரமாக இருந்தாலும் சீக்கிரம் போகும். இளங்கம்பம் முழுக்க வெளிறு. அதனால்தான் நேராக, அழகாக, சல்லிசாகக் கிடைக்கிற இளங்கம்பங்களை நம்பக்கூடாது. வேம்பு, கருவேல், வெள்வேல், இவற்றில் முதிர்ந்த கட்டை நல்லது.

நாம் எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேலின் முற்றின கட்டை மண்ணில் நன்றாகத் தாங்கும். கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஆடு கோணலைப் பார்த்தா உள்ளே வருகிறது? நிலத்தைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கிற தடித்த கட்டைகளைக் கரிமூட்டத்துக்குத் தள்ளாமல் வேலிக்கு ஒதுக்குங்கள். பனையும் கெட்டிதான். ஆனால் நிற்கிற பனையை வேலிக்காக வெட்டுவது நம் கழுத்தை நாமே அறுப்பது. பட்டுப்போன, விழுந்த பனை கிடைத்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

எந்தக் கட்டையானாலும் பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டைக்கடியில்தான் ஈரமும் வண்டும் தங்கும். நிழலில் உலர்த்தி நட வேண்டும். தடித்த பக்கம் கீழே.

அடிப்பாகத்தைத் தீயில் கருக்கி நடுவது பழைய வழக்கம். நானும் செய்கிறேன். ஆனால் அதையே முழுக்க நம்பாதீர்கள். மேலே கரி பிடித்தாலும் வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிடும். வெளிறை வைரமாக்குகிற வேலையைத் தீ செய்யாது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து கழிவு எஞ்சின் ஆயிலை வாங்கிவந்து காலை முக்கி நடுகிறார்கள். ரசாயன உரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வரப்பு முழுக்கக் கழிவு எண்ணெயை இறக்கினால் அது என்ன இயற்கை வேளாண்மை? அந்த எண்ணெயோடு ஈயம் போன்ற உலோகங்களும் மண்ணுக்குப் போகும். கடையில் விற்கிற பச்சை நிறம் ஏற்றிய கம்பங்களையும் விசாரித்து வாங்குங்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் கசியும். அமெரிக்காவிலேயே 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். கீரைப்பாத்தி ஓரத்தில் அதைக் கொண்டுவந்து நட வேண்டுமா?

சிமெண்டே கூடாதா?

அப்படிச் சொன்னால் அது பிடிவாதம். மூலைக்காலிலும் படல் மாட்டுகிற காலிலும்தான் மொத்தக் கம்பியின் இழுப்பும் வந்து சேருகிறது. அங்கே கெட்டி வேண்டும். என் யோசனை, அந்த எட்டுப் பத்து இடத்துக்கு மட்டும் கல்கால் வாங்கி நடுங்கள். காசு போனாலும் பேரன் காலம் வரை நிற்கும். மரம்தான் என்றால் மூன்றடி ஆழம் போய், கம்பி இழுக்கிற பக்கத்தில் சாய்வாக ஒரு முட்டுக்கால் கொடுங்கள். முட்டுக்கால் இல்லாத மூலை, கான்கிரீட் போட்டாலும் நாளடைவில் உள்பக்கம் சாயும்.

மரக்காலுக்குச் சிமெண்ட் போட்டே தீர வேண்டும் என்றால், அடியை அடைக்காதீர்கள். கால் சரளையின் மேல் நிற்கட்டும். கலவை பக்கவாட்டில் மட்டும் இருக்கட்டும். மேல்பக்கம் மண்ணை விட உயரமாக, வெளிப்பக்கம் சரிவாகப் பூசுங்கள். அதுவும் வைரம் பாய்ந்த கட்டைக்கு மட்டும்.

செத்த கால் தாங்கட்டும், உயிர்க்கால் வளரட்டும்

இதுவரை சொன்னதெல்லாம் செத்த மரத்தை எத்தனை வருசம் நிறுத்தலாம் என்கிற கணக்கு. எவ்வளவு நன்றாக நட்டாலும் ஒரு நாள் அது மண்ணாகத்தான் போகும். அழுகாத மரக்கால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வேர் விட்ட கால்.

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் நிற்கிற அந்த மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகளை ஆள் காவல் இல்லாமல் உள்ளே விட்டு மேய்க்க முடிந்ததே அந்த வேலியால்தான். அதற்கு யார் குழி தோண்டிக் கலவை போட்டார்கள்? போத்து வெட்டி ஊன்றினார்கள், அவ்வளவுதான். கோடையில் இலை உதிர்ந்து செத்தது போல நிற்கும், முள் உதிராது. முதல் மழைக்குத் தழைத்துவிடும்.

வடக்கு வரப்பில் இப்போது நான் செய்திருப்பது இரண்டும் கலந்த வேலி. எட்டடிக்கு ஒரு வைரக்கட்டை, இடித்து நட்டது. அதில் கம்பி. கம்பியை ஒட்டி அடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து. இடையிடையே தழையுரத்துக்குக் கிளிரிசிடியாவும் ஒதியனும். செத்த கட்டை ஐந்தாறு வருசம் கம்பியைத் தாங்கினால் போதும். அதற்குள் உயிர்க்கால் தடித்துவிடும். கட்டை அழுகி விழுகிறபோது அதன் வேலை முடிந்திருக்கும்.

செய்கிறவர்களுக்குச் சில அனுபவங்கள். போத்து முற்றியதாக, கைக்கட்டை விரலை விடத் தடித்ததாக இருக்கட்டும். கிளுவையை வெட்டி நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் உலர்ந்தபின் மழைக்கு முன்னால் ஊன்றுங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். போத்தைச் சம்மட்டியால் அடித்து இறக்கினால் தலை பிளந்து பட்டுப்போகும். கடப்பாரையால் துளை போட்டு, ஊன்றி, மண்ணை இறுக்குங்கள். முதல் வருசம் அதில் கம்பியை இழுத்துக் கட்டாதீர்கள். ஆட்டம் கொடுத்தால் இளவேர் அறுந்துபோகும். தடித்த பிறகும் கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டக்கூடாது, கழுத்தை நெரித்துவிடும். வளைந்த ஆணி அடித்து மாட்டினால் மரம் ஆணியை விழுங்கிக்கொண்டு வளரும்.

"உயிர்வேலி இடத்தை அடைக்கும், நிழல் கட்டும், வெட்ட ஆள் வேண்டும்" என்பார்கள். உண்மைதான். அதைச் சொல்லித்தான் நானும் அப்பாரு வைத்த வேலியைப் பிடுங்கினேன். ஓரத்து இரண்டு சால் பயிர் கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். ஆனால் வருசத்துக்கு இரண்டு தடவை வெட்டுகிற தழை ஆட்டுக்கும் மூடாக்குக்கும் ஆகிறது. கிளுவைக்குள் கூடு கட்டுகிற குருவிகள் என் கத்தரிப் பாத்தியில் புழு பொறுக்குகின்றன. சிமெண்ட் குண்டு எனக்கு இதுவரை என்ன கொடுத்தது, தேளைத் தவிர?

இந்தப் போத்துகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? என் கிளுவையைத்தான் நான் அழித்துவிட்டேனே. இரண்டு வருசம் பேசாமல் இருந்த பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம்தான் போய் நின்றேன். அவர் வேலியில் மட்டும்தான் பழைய கிளுவை மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பொலி ரெண்டு பேருக்கும் பொதுதானே மாப்ள, வேணுங்கறத வெட்டிக்க" என்று அரிவாளை எடுத்துக் கொடுத்தார். ஊன்றுகிற அன்று அவரும் வந்து நின்றார்.

அந்த இளைஞர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப மூலைக்கு மட்டும் கல்லு, மத்ததுக்கு வைரக்கட்டை, நடுவுல கிளுவை. சரிதானுங்களே?" என்றார். "சரிதான் தம்பி. ஆனா மொதல்ல உங்க மண்ணை ரெண்டடி தோண்டிப் பாருங்க. அது என்ன மண்ணுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் காலை வாங்குங்க" என்று அனுப்பினேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வேலி போடுகிறவரிடம் கணக்குக் கேட்பதற்கு முன்னால் ஒரு குழி தோண்டுங்கள். அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். பக்கத்துக் காட்டில் எந்தப் போத்து தானாகத் துளிர்த்து நிற்கிறது என்று பாருங்கள். பிறகு முடிவெடுங்கள். போத்து வேண்டுமென்றால் ஆனிக் கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். இந்த வருசம் வெட்டித் தருகிற அளவுக்கு எங்கள் வேலி வளர்ந்திருக்கிறது.